அண்ணே... இன்னிக்கு ‘ஏ’ இன்னா?

‘சொல்விளம்பி’ என்றால் என்ன, தெரியுமா?

டி.வி.யில் செய்தி வாசிக்கும் அம்மணி என்று நினைத்தால் தப்பு. கள்! அந்தக் காலத்து வேடர்கள் கள்ளைக் கள் என்று சொல்லாமல் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். உள்ளே போனால் மனசில் இருக்கிறதையெல்லாம் வெளியே கொட்ட வைக்கிற சரக்கு என்பதால் சொல்விளம்பி. என்ன ரசனை பாருங்கள்! நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இந்த மாதிரிப் பேச்சுக்குக் ‘குழூஉக்குறி’ என்று பெயர் சொல்லியிருக்கிறார். தட்டார்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப் பாகர்கள் துணியைக் ‘காரை’ என்பார்கள் என்று உரைக்காரர்கள் உதாரணமும் தருகிறார்கள். ஸ்கூலில் இதை மனப்பாடம் செய்து ரெண்டு மார்க் வாங்கியதோடு நாம் மறந்துவிட்டோம். மறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

சமீபத்தில் வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு வாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூணு மணி சுமாருக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இப்படி ஒரு சம்பாஷணை காதில் விழும்:

“அண்ணே, இன்னிக்கு ‘ஏ’ இன்னா?”

“நாலு வரும்னு தோணுது.”

“‘பி’?”

“அதெல்லாம் வேணாம்பா. நான் ஆல் போர்டு ரெண்டு போட்டிருக்கேன். பார்ப்போம்.”

போர்டு என்றதும் மின்சார போர்டா, வீட்டு வசதி போர்டா என்று வெளியூர்க்காரர் குழம்புவார். ரெண்டும் இல்லை. மூணு நம்பர் லாட்டரி!

கேரள அரசு 1967-ல் லாட்டரி ஆரம்பித்தது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ம் தேதி. அங்கே இன்றும் அது சட்டப்படி நடக்கிற அரசாங்க வியாபாரம். பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை வந்தது. கடை போச்சு, சீட்டு போச்சு. ஆசை போகுமா? சீட்டே இல்லாமல் லாட்டரி நடத்த ஒரு மூளை வழி கண்டுபிடித்தது. கேரளாவில் முதல் பரிசு விழுகிற நம்பரின் கடைசி மூன்று எண்ணை மட்டும் எடுத்துக்கொள். நூறாம் இடத்து எண் ‘ஏ’ போர்டு, பத்தாம் இடம் ‘பி’, கடைசி எண் ‘சி’. மூன்றில் எங்கே வந்தாலும் சரி என்றால் ‘ஆல்’. நீ நினைக்கிற எண்ணைச் சொல்லிப் பணத்தைக் கட்டு. கேரளாக்காரன் குலுக்குகிற செலவும் மிச்சம், மோசடி என்று யாரும் சொல்லவும் முடியாது! கேரளாவிலேயே இதற்கு ‘எழுத்து லாட்டரி’ என்று பெயர். அங்கேயும் அது திருட்டுத்தனம்தான்.

முன்பெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது வாட்ஸ்அப். “ஏ 4 - 2” என்று ஒரு வரி அனுப்பினால் ‘ஏ போர்டில் நாலாம் நம்பர், ரெண்டு செட்’ என்று அர்த்தம். பணம் ஜி-பேயில். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டை விரல் வந்தால் ஆர்டர் பதிவாகிவிட்டது. ரசீது அவ்வளவுதான்.

புதுச்சேரி வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். வெள்ளைக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் பிய்த்துப் போட்ட இடியாப்பம் மாதிரி இருக்கும். கடலூர் ரோட்டில் முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. பாகூர்ப் பக்கம் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். பாட்டில் கடத்துகிறார்களா என்று சோதனைச் சாவடியில் பைக் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள், பால் கேனைத் திறந்து பார்க்கிறார்கள். “ஏ 4 - 2” என்கிற சமாசாரம் எல்லை தாண்டுவதை எந்தக் கேனைத் திறந்து பார்ப்பது? போலீஸ் சும்மா இல்லை. மூணு நம்பர் விற்றவர் கைது என்ற செய்தி புதுவைப் பத்திரிகைகளின் உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ஒருவர் உள்ளே போனால் நம்பர் இன்னொருவர் போனுக்குப் போகிறது.

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் ரோட்டில் போனால் மதகடிப்பட்டு. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. அங்கே தரகர்கள் பேசுவதே இல்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார்கள். இந்த விரல் ஆயிரம், அந்த விரல் ஐந்நூறு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இதுவும் ரகசிய பாஷைதான், ஆனால் ஒரு வித்தியாசம். துண்டுக்கடியில் மறைவது விலை மட்டும்தான். மாடு எதிரே நிற்கிறது, பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். மூணு நம்பரில் மாடே கிடையாது!

மாடு கண்ணுக்குத் தெரியாத சந்தை என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? அதுவும் எதிராளி ஏமாற்றினால் போலீசுக்குப் போக முடியாத சந்தை? இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஜாம்பவான்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

2011-ல் அமெரிக்காவில் ராஸ் உல்பிரிக்ட் என்ற இளைஞர் ‘சில்க் ரோடு’ என்று இன்டர்நெட்டில் ஒரு கள்ளச் சந்தை தொடங்கினார். பிரதான சரக்கு போதை மருந்து. பணம் பிட்காயினில். உள்ளே போக ‘டார்’ என்று ஒரு தனிப் பாதை வேண்டும். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-களில் பிறந்த யோசனை அது. செய்திக்கு மேல் உறை, அதற்கு மேல் இன்னொரு உறை என்று சுற்றி, கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவார்கள். உரிக்க உரிக்கத் தோலாக வருவதால் வெங்காயம் என்று பெயர். பெரியார் அடிக்கடி சொல்வாரே, அதே வெங்காயம்.

உள்ளே என்ன பேசிக்கொள்வார்கள்? சினிமாவில் வருகிற மாதிரி “கழுகு கூட்டை விட்டுக் கிளம்பியாச்சு” என்றெல்லாம் இல்லை. ‘பார்சல் வந்து சேர்ந்ததா?’, ‘எடை குறைகிறதே’, ‘இந்த வியாபாரி நாணயமானவர், ஐந்து நட்சத்திரம்.’ அசல் ஜவுளிக்கடை பேச்சு! யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். சட்டம் இல்லாத இடத்தில் பேரைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்றுதான் முதலீடு. வாங்குகிறவன் பணத்தை நடுவில் ஒருவரிடம் கொடுத்து வைப்பான். சரக்கு வந்ததும் அது வியாபாரிக்குப் போகும். அந்த நடுவரே கம்பி நீட்டினால்? அதுவும் நடந்தது. 2015 மார்ச்சில் ‘எவல்யூஷன்’ என்கிற சந்தையை நடத்தியவர்கள், நடுவில் இருந்த சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலரோடு ஒரே ராத்திரியில் காணாமல் போனார்கள். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

விலாசத்தை மட்டும் பூட்டி அனுப்புவார்கள். அதற்குப் ‘பி.ஜி.பி.’ என்ற பூட்டு. 1991-ல் பில் ஜிம்மர்மேன் என்பவர் எழுதி வெளியிட்டது. கோவில் உண்டியல் மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம், சாவி வைத்திருக்கும் தர்மகர்த்தா மட்டும்தான் திறக்கலாம். அருமையான பூட்டு, உடைக்க ஆளில்லை. ஆனால் பூட்டுகிற சோம்பேறித்தனம் இருக்கிறதே... ‘நீங்களே பூட்டிவிடுங்கள் சார்’ என்று சந்தைக்காரரிடமே விட்டவர்கள் ஏராளம். 2017-ல் ‘ஹன்ஸா’ என்ற சந்தையை நெதர்லாந்து போலீஸ் ரகசியமாகக் கைப்பற்றியது. மூடவில்லை! ஒரு மாதம் தாங்களே கடை நடத்தினார்கள். வாடிக்கையாளர் புகாருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பூட்டுவதற்கு முன்னால் விலாசத்தைக் குறித்துக்கொண்டார்கள். அதே நேரத்தில் ‘ஆல்ஃபாபே’ என்ற பெரிய சந்தையை அமெரிக்கா மூட, அங்கிருந்து ஓடி வந்த கூட்டம் நேரே போலீஸ் நடத்துகிற கடைக்குள் நுழைந்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது, போலீஸ் நடத்தியபோது வாடிக்கையாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான்.

அந்த ஆல்ஃபாபே முதலாளி மாட்டியதற்குக் காரணம் வரவேற்புக் கடிதம். ஆரம்ப காலத்தில் புது ஆட்களுக்கு அனுப்பிய நல்வரவு மெயிலில் தன் சொந்த ஹாட்மெயில் விலாசம் ஒட்டிக்கொண்டு போனதை அவர் கவனிக்கவில்லை. சில்க் ரோடு உல்பிரிக்டும் அப்படித்தான். கடையைப் பற்றி முதன்முதலில் விளம்பரம் செய்த அதே புனைபெயரில், வேறொரு சமயம் வேலைக்கு ஆள் கேட்டுத் தன் சொந்த மெயில் விலாசத்தைக் கொடுத்திருந்தார். 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் ஒரு ஜோடி சண்டை போட்டது. திரும்பிப் பார்த்தார். அதற்குள் திறந்திருந்த லேப்டாப்பை எதிரில் இருந்தவர் இழுத்துக்கொண்டார். சண்டை போட்டவர்கள் எஃப்.பி.ஐ! அந்த நிமிஷம் லேப்டாப்பில் அவர் அரட்டை அடித்துக்கொண்டிருந்த சொந்த ‘ஊழியரும்’ அரசாங்க ஆள்தான். 2015-ல் ஆயுள் தண்டனை; 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் மன்னித்து விட்டார்.

2021-ல் வெளிவந்ததுதான் உச்சம். ‘அனோம்’ என்று குற்றவாளிகளுக்கென்றே ஒரு ரகசிய போன். கடத்தல்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் சிபாரிசு செய்து வாங்கினார்கள். நூறு நாடுகளுக்கு மேல், 12,000 போன், 2 கோடியே 70 லட்சம் செய்திகள். அத்தனையும் எஃப்.பி.ஐ. படித்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் போனை நடத்தியதே அவர்கள்தான். 800 பேருக்கு மேல் கைது.

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்று காலை நீட்டிக்கொள்ள வேண்டாம். 2025 ஜூன், ஜூலையில் கேரளா மூவாட்டுப்புழாவில் ‘கீட்டாமெலன்’ என்ற பெயரில் இதே மாதிரி கள்ளச் சந்தையில் கடை போட்டிருந்தவரை மத்திய போதைத் தடுப்புப் போலீஸ் பிடித்தது. 1,127 எல்.எஸ்.டி. வில்லைகள், சுமார் 70 லட்ச ரூபாய் பெறுமான கிரிப்டோ பணம். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆள்.

வில்லியனூருக்குத் திரும்புவோம். இங்கே வெங்காயம் கிடையாது, பி.ஜி.பி. கிடையாது, நடுவர் கிடையாது. அப்புறம் எதை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள்? ‘அண்ணே’ என்கிற ஒரு வார்த்தையை! சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், “பேர் மட்டும் வேணாம் சார்” என்று சொல்லித் தன் போனைக் காட்டினார். குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் பேர். படத்தில் முருகன். நான் புரட்டிய ஒரு நாளின் பேச்சு இது.

காலை ஏழு மணி: பூப்படத்தோடு வணக்கம். ஒருவருக்குப் பிறந்த நாள், அறுபது பேர் கேக் அனுப்புகிறார்கள். பதினொன்று: ‘இன்றைய கெஸ்ஸிங்.’ முந்தின பத்து நாள் முடிவைக் கட்டம் கட்டி, கூட்டிக் கழித்து, இன்று ‘சி’யில் ஏழு உறுதி என்று ஒரு நிபுணர் சொல்கிறார். கனவில் பாம்பு வந்தால் என்ன நம்பர் என்று ஒருவர் சந்தேகம் கேட்கிறார். சீரியஸாகப் பதில் வருகிறது. ரெண்டரை மணி: ‘டைம் முடியப் போவுது, சீக்கிரம்.’ மூணு மணிக்கு நிசப்தம். ரிசல்ட் வந்ததும் நாலு பேர் பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுகிறார்கள். கைதட்டல், மாலை, மத்தாப்பு. “அண்ணன் சொன்னா சொன்னதுதான்.”

மற்ற இருநூறு பேர்?

“தோத்தவங்க ஒண்ணும் எழுத மாட்டாங்களா தம்பி?”

“போன தபா ஒருத்தர் எழுதினார் சார், ஒரே வாரத்துல பத்தாயிரம் போச்சுன்னு. அட்மின் உடனே தூக்கிட்டாரு. குரூப்புல நெகட்டிவா பேசக்கூடாதாம்.”

அந்தக் கெஸ்ஸிங் நிபுணர் எப்படி அவ்வப்போது கரெக்டாகச் சொல்கிறார் என்று தம்பிக்கு ஒரே ஆச்சரியம். ஒரு பழைய வித்தை இருக்கிறது, சொன்னேன். ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு நூறாகப் பிரித்து, பத்துக் கூட்டத்துக்கும் பத்து வெவ்வேறு எண் சொல்லுங்கள். எந்த எண் வந்தாலும் நூறு பேருக்கு நீங்கள் சொன்னது பலித்தாயிற்று. மறுநாள் அந்த நூறு பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து மறுபடி சொல்லுங்கள். பத்துப் பேருக்கு ரெண்டு நாளும் தொடர்ந்து பலித்திருக்கும். அந்தப் பத்துப் பேரிடம் போய் “மூணாவது நாள் நம்பருக்கு ரெண்டாயிரம் ரூபா” என்று கேளுங்கள். தாலியை வைத்தாவது கொடுப்பார்கள். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் கொடுத்திருக்கேன் சார்” என்றார்.

கணக்கு என்றதும் ஓட வேண்டாம், சின்னக் கணக்குதான். மூன்று எண்ணுக்கு 000 முதல் 999 வரை ஆயிரம் வாய்ப்பு. பேச்சுக்கு, ஒரு ஆட்டத்துக்கு 60 ரூபாய், மூன்றும் சேர்ந்தால் பரிசு 25,000 என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒன்று போடுகிறவருக்குச் சராசரியாக ஆயிரம் நாளைக்கு ஒரு தடவை விழும். அதாவது ரெண்டு வருஷம், ஒன்பது மாதம். அதற்குள் கட்டியது 60,000. ஒரு குழந்தை பிறந்து பேச ஆரம்பித்திருக்கும். மாதச் சீட்டில் போட்டிருந்தால்கூட... வேண்டாம், சீட்டுக் கம்பெனிகள் ஓடிப்போன கதை தனிக் கட்டுரை.

குரூப்பில் ஒரு வாரத்துப் பேச்சை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். ‘சூதாட்டம்’ இல்லை. ‘கடன்’ இல்லை. ‘வட்டி’ இல்லை. ‘பொண்டாட்டி’ ஜோக்கில் மட்டும் வருகிறாள். விட்டதை விட்டது என்று சொல்லக்கூடச் சொல் கிடையாது; ‘மிஸ் ஆயிடுச்சு’ என்கிறார்கள், பஸ் மாதிரி. அடுத்தது வரும் என்று ஆகிவிடுகிறது அல்லவா? வேடர்கள் கள்ளுக்குப் பேர் மாற்றி வைத்தது அடுத்தவன் காதுக்காக. இவர்கள் வைத்திருப்பது தங்கள் காதுக்காக.

வில்லியனூரிலிருந்து ரயில் ஏறினால் விழுப்புரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அங்கே 2019 டிசம்பரில் ஒரு நகைத் தொழிலாளி, அவர் மனைவி, மூன்று சின்னப் பெண் குழந்தைகள், ஐந்து பேரும் இறந்துபோனார்கள். மூணு நம்பரில் விட்டு விட்டுக் கடனில் மூழ்கியவர். கடைசியாகச் செல்போனில் பேசிப் பதிவு செய்து, தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இந்த லாட்டரியை ஒழியுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ்நாடே அதைக் கேட்டது. அதன் பிறகு விற்பனைக்காரர்கள் கொத்துக் கொத்தாகக் கைதானார்கள்.

நான் அந்த வீடியோவைப் பற்றித் தம்பியிடம் கேட்டேன். அவர் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாராம், பார்த்திருக்கிறார். “அப்போ என்ன தோணிச்சு?” “பாவமா இருந்துச்சு சார். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஃப்ரெண்டு ‘ஏ போர்டு’ன்னு சொன்னப்ப, இது அதுதான்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

பெயர் மாறினால் ஆளே மாறிவிடுகிறது. (கடன் கழுத்தை நெரிக்கிறது, யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றுகிறவர்கள் 14416-ஐக் கூப்பிடலாம். அரசாங்கத்தின் மனநல உதவி எண்; காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், பேர் சொல்ல வேண்டியதில்லை.)

வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முழுக்கப் பூட்டுப் போட்டுத்தான் போகின்றன. நடுவில் யாரும் படிக்க முடியாது. அதனால் பயமில்லை என்று குரூப்பில் அடிக்கடி ஒருவர் தைரியம் சொல்கிறார். நடுவில் படிப்பானேன்? ஒருவர் போன் போலீஸ் கையில் கிடைத்தால் இருநூறு பேரின் நம்பரும் வரிசையாக நிற்கிறது. ஜி-பேயில் போன ஒவ்வொரு அறுபது ரூபாயும் தேதி, மணியோடு பாங்கியில் படுத்திருக்கிறது. எஃப்.பி.ஐ. பின்னால் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளைப் பார்லிமென்ட் தடை செய்தது. பெரிய பெரிய ஆப்கள் பணம் வாங்குவதை நிறுத்தின. ஆப்பை நிறுத்தலாம். ‘அண்ணே’யை எப்படி நிறுத்துவது?

தம்பி குரூப்பிலிருந்து வெளியே வந்து நாலு மாதமாகிறதாம். எனக்குக் காட்டியது பழைய பேச்சு. மொத்தம் எவ்வளவு போனது என்று கேட்டதற்கு, ஒரு பழைய பல்சர் வாங்கலாம் என்றார். வீட்டில் தெரியாது. கூட்டுறவு சொசைட்டியில் போட்ட லோன் இன்னும் ஓடுகிறது.

“இப்ப யாரும் தொந்தரவு பண்றதில்லையே?”

போனைத் திருப்பிக் காட்டினார். முந்தின மாதம் ஒன்றாம் தேதி ஒரு செய்தி: ‘தம்பி நல்லாருக்கியா? ஆளையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா? அம்மா எப்படி இருக்காங்க?’ இந்த மாதம் ஒன்றாம் தேதியும் அதே மாதிரி ஒன்று.

“என் தாய்மாமன்கூட இப்படி விசாரிச்சதில்ல சார்” என்று சிரித்தார்.

“ஒண்ணாம் தேதிதான் விசாரிப்பாரா?”

“சம்பளம் ஒண்ணாம் தேதிதானே சார்.”

“நம்பரை பிளாக் பண்ணலியா?”

“பண்ணணும் சார்” என்றார்.